வாடகை வீட்டுக்குள்ள தண்ணி வந்தா யாரு காசு? இன்சூரன்ஸ், கையிருப்பு, அட்வான்ஸ், விலகிப் போறது, எது எதுக்கு ஒத்து வரும்

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணி, அண்ணா பள்ளிக்கரணை பக்கம் ஒரு ரீசேல் ஃப்ளாட் வருது, கிரவுண்ட் ஃப்ளோர், அதே பில்டிங்ல ரெண்டாவது மாடிக்கு சொல்ற ரேட்ட விட ஒம்பது லட்சம் கம்மி, நான் குடி போகப் போறதில்ல, வாடகைக்கு விடத்தான், இன்சூரன்ஸ் ஒண்ணு போட்டுட்டா வெள்ளம் வந்தாலும் பயம் இல்லைல்லன்னு கேட்டான். அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனேன், அதுக்கப்புறம் ஆபீஸ்ல ரெண்டு பேர் கிட்டத்தட்ட இதே கேள்விய கேட்டாங்க, சரி மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், பொறுமையா படிங்க.

என் அனுபவத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ற முடிவெல்லாம் அதுல இருந்து வந்ததுதான். எங்களுக்கு ரெண்டு வாடகை வீடு இருக்கு. ஒண்ணு வேளச்சேரியில கிரவுண்ட் ஃப்ளோர் ஃப்ளாட், 2011ல லோன் போட்டு வாங்குனது. இன்னொண்ணு திருச்சி உறையூர்ல அப்பா 1994ல கட்டுன தனி வீடு. வேளச்சேரி வீட்டுக்குள்ள 2015 டிசம்பர்ல இடுப்பளவு தண்ணி, மறுபடி 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ முழங்கால் வரைக்கும். உறையூர் வீடு வெள்ளத்தையே பாத்ததில்ல. ஆனா செலவு நோட்ட எடுத்து கூட்டிப் பாத்தா ரெண்டு தடவ மூழ்குன வீட்டுக்கு தண்ணியால ஆன செலவு 4,64,000, மூழ்காத வீட்டுக்கு 4,81,000. நம்ப முடியாம ரெண்டாவது தடவையும் கூட்டிப் பாத்தேன், அதேதான் வந்துச்சு.

இதுல இருந்துதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. வீட்டுக்கு சேதம்னு பொதுவா சொல்றோம், ஆனா தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு பாத்தாதான் யாரு காசு கொடுக்கணும்னு தெரியும். தெருவுல இருந்து வந்த தண்ணி, மொட்டை மாடியில இருந்து ஊறுன தண்ணி, பைப் வெடிச்சு வந்த தண்ணி, மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து சொட்டுன தண்ணி, நாலும் ஒரே சுவத்ததான் நனைக்குது, ஆனா ஒண்ணுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும், ஒண்ணுக்கு நம்ம பை, ஒண்ணுக்கு அசோசியேஷன், ஒண்ணுக்கு மேல் வீட்டுக்காரர். இத பிரிச்சுப் பாக்காம ஒரே மருந்த எல்லாத்துக்கும் கொடுக்கறதுனாலதான் பல பேர் ஏமாந்து போறாங்க.

இன்சூரன்ஸ்: எது வரும், எது வராது

2015ல என்கிட்ட பாலிசி இல்ல. இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். லோன் எடுத்தப்ப பேங்க்ல இன்சூரன்ஸ்னு ஒரு தொகைய லோனோட சேத்து பிடிச்சாங்க, அது வீட்டுக்குன்னு நான் நாலு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன், வெள்ளம் வடிஞ்சதும் பேப்பர தேடி எடுத்துப் பாத்தா அது லோன் வாங்குன ஆள் செத்துப்போனா மீதி லோன கட்டற பாலிசி, என் உயிர் மேல போட்டது, சுவத்துக்கும் தரைக்கும் அதுல ஒரு வரி கூட இல்ல. இத படிக்கற எல்லாரும் இன்னைக்கு ராத்திரியே லோன் ஃபைல எடுத்துப் பாருங்க, கெஞ்சிக் கேக்கறேன். அந்த டிசம்பர்ல தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் மழை, அடையாறு பொங்கி ஊரே மிதந்துச்சு, என் வீட்டுல வயரிங், கதவு, கிச்சன் ப்ளைவுட், பெயின்ட்டுன்னு 2,80,000 ஆச்சு, நாலு மாசம் வீடு பூட்டியே கெடந்ததுல வாடகை 56,000 போச்சு. எல்லாம் கைக்காசு.

மறு வருஷமே பாலிசி போட்டேன். இப்ப வீடுகளுக்கு எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரே மாதிரி கொடுக்கற ஸ்டாண்டர்ட் பாலிசி ஒண்ணு இருக்கு, பாரத் கிருஹ ரக்ஷான்னு பேரு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. தீ, இடி, வெடிவிபத்து, பூகம்பம், புயல், வெள்ளம், மண்சரிவு, கலவரம், தண்ணி டேங்கும் பைப்பும் வெடிச்சு வழியறது இதெல்லாம் அதுக்குள்ள வரும். வீடு குடியிருக்க லாயக்கில்லாம போயிட்டா அந்தக் காலத்துக்கு வாடகை இழப்பும் உண்டு, வாடகைக்கு விடறவங்களுக்கு இதுதான் முக்கியமான வரி. ஆனா வாடகைக்கு விட்டிருக்கேங்கறத ப்ரபோசல்லயே, அதாவது பாலிசிக்கு கொடுக்கற விண்ணப்பத்துலயே, எழுதிக் கொடுத்துடுங்க, பின்னாடி விட்டாலும் உடனே எழுத்துல தெரியப்படுத்துங்க, நாமளே குடியிருக்கற மாதிரி காமிச்சு பாலிசி எடுத்தா க்ளெய்ம் நேரத்துல அதுவே வம்பாயிடும்.

எவ்வளவுக்குப் போடறதுங்கறதுல நிறைய பேர் குழம்பறாங்க. ஃப்ளாட் 70 லட்சம்னா 70 லட்சத்துக்கு போடணும்னு நெனைக்கறாங்க, வேண்டாம், நிலத்தோட மதிப்புக்கு பாலிசி கிடையாது, வெள்ளம் நிலத்த தூக்கிட்டுப் போறதில்ல. கார்பெட் ஏரியாவ, அதாவது சுவத்துக்குள்ள இருக்கற தரை அளவ, இன்னைக்கு புதுசா கட்ட ஆகற செலவால பெருக்குங்க, அவ்வளவுதான். 800 சதுர அடி, அடிக்கு 2,500ன்னு வெச்சா 20 லட்சம். உள்ள இருக்கற சாமானுக்கு தனியா லிஸ்ட் கொடுக்காமலே கட்டடத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் அதுலயே சேந்து வரும், இந்த கணக்குல 4 லட்சம். ஆனா அது ஓனரோட சாமானுக்கு மட்டும்தான், குடியிருக்கறவங்க டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அவங்க தனியா சாமானுக்கு மட்டும் பாலிசி எடுத்துக்கலாம், இத நான் அக்ரிமென்ட் போடும்போதே சொல்லிடறேன். எனக்கு பிரீமியம் வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம்தான், எட்டு வருஷத்துல மொத்தமா 11,000 கட்டியிருக்கேன்.

2023ல அந்த பாலிசி வேலை செஞ்சுச்சு. ரிப்பேர் 1,14,000, ஒரு மாச வாடகை 16,000, ஆக 1,30,000 கேட்டேன், 98,000 வந்துச்சு. கொறைச்சதுக்கு காரணம் சொன்னாங்க, ஒரு கதவு ஏற்கனவே கரையான் அரிச்சது, தண்ணி படாத ரூமுக்கும் நான் பெயின்ட் அடிச்ச பில்ல வெச்சிருந்தேன், ரெண்டும் நியாயமாத்தான் பட்டுச்சு, அதனால சண்டை போடல. சண்டை போட வேண்டிய நெலமை வந்தா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார், ஒரு மாசத்துல பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது இந்தப் புகார்கள விசாரிக்கற அதிகாரி, சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் அங்க போகலாம்.

பணம் வர்றதும் வராததும் முதல் ரெண்டு நாள்லதான் இருக்கு. தண்ணி நிக்கும்போதே டேப் வெச்சு சுவத்துல உயரத்த காட்டி வீடியோ எடுங்க, அன்னைக்கே கம்பெனிக்கு போன் பண்ணி க்ளெய்ம் நம்பர் வாங்குங்க, சர்வேயர், அதாவது சேதத்த மதிப்பு போட கம்பெனி அனுப்பற ஆள், வந்து பாக்கற வரைக்கும் உப்பிப்போன ப்ளைவுட்ட தூக்கிப் போடாதீங்க. எனக்கு சர்வேயர் ஒம்பதாவது நாள்தான் வந்தாரு, அதுக்குள்ள நாத்தம் தாங்க முடியல, அதனால ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, கழட்டி, பார்க்கிங்ல ஒரு ஓரமா தார்ப்பாய் போட்டு அடுக்கி வெச்சுட்டு வீட்ட கழுவ விட்டேன். அது போதும்னு ஒத்துக்கிட்டாங்க. லோன் பாக்கி இருந்தா பாலிசியில பேங்க் பேரும் இருக்கும், க்ளெய்ம் பணம் பேங்குக்கே போகலாம், அதையும் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கங்க.

இன்சூரன்ஸ் கை விடற எடம்: மொட்டை மாடி

இப்ப உறையூர் வீட்டுக்கு வரேன், இதப் பத்திதான் யாரும் பேசறதில்ல, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

அப்பா கட்டுனப்ப மொட்டை மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேல தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிச்சாரு, நல்ல வேலைதான், இருவது வருஷம் சொட்டு ஒழுகல. அப்புறம் தட்டோடு நடுவுல பூச்சு விட்டுப்போச்சு, மழைத்தண்ணி குழாய் வாயில வேப்பஇலை அடைச்சு தண்ணி தேங்குச்சு, கைப்பிடிச்சுவர் ஓரத்துல ஒரு அரச மரக் கன்னு முளைச்சு வேர் உள்ள எறங்குச்சு. நான் சென்னையில, குடியிருக்கறவங்க மாடிக்கே போறதில்ல. 2014ல சீலிங்ல ஈரம்னு போன் வந்ததும் ஆள விட்டு மேல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சேன், 24,000. மூணு வருஷத்துல மறுபடி ஈரம், வேற கம்பெனி பெயின்ட், 31,000. உள்ள ரெண்டு தடவ சுவத்துக்கு புட்டி, பெயின்ட், 60,000. எல்லாம் புண்ணுக்கு மேல பவுடர் போட்ட கதைதான், ஏன்னா ஈரம் கான்கிரீட்டுக்குள்ள போயி கம்பிய துருப்பிடிக்க வெச்சுடுச்சு. துருப்பிடிச்ச கம்பி ஊதும், ஊதி கான்கிரீட்ட கீழ தள்ளும். 2019ல ஒரு நாள் ராத்திரி சமையல்கட்டு சீலிங்ல ஒரு மொறம் அளவுக்கு பேந்து விழுந்துச்சு. காலையில ஆறு மணிக்கு அங்க குடியிருக்கற அம்மா காப்பி போட நிக்கற எடம் அது. ராத்திரி விழுந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அத நெனச்சா இன்னும் எனக்கு வயித்த கலக்குது.

பாலிசியில வருமான்னு கேட்டேன், வராது, நாள்பட்ட தேய்மானம், பராமரிப்பு இல்லாம வந்த சேதம், எந்த பாலிசியும் இத எடுத்துக்காது. திடீர்னு நடக்கறதுக்குத்தான் இன்சூரன்ஸ். மெதுவா நடக்கறதுக்கு நம்ம கையிருப்புதான். சீலிங் கம்பிய சுத்தம் பண்ணி பூசுனதுக்கு 1,40,000, கடைசியா மாடியில பழைய தளத்த மொத்தமா கொத்தி எடுத்துட்டு வாட்டம் பாத்து புதுசா போட்டு தட்டோடு பதிச்சதுக்கு 1,90,000, நாலு மாச வாடகை 36,000. 2014லயே அந்தக் கன்ன புடுங்கி, விரிசல அடைச்சு, தட்டோடு எடுத்துப் போட்டிருந்தா அன்னைய ரேட்டுக்கு எழுபது எம்பதாயிரத்துல முடிஞ்சிருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு.

அதுல இருந்து நான் பண்றது, வாடகை வரவுல வருஷத்துக்கு ஒரு மாச வாடகைய தனி அக்கவுன்ட்ல போட்டுடறேன், வீடு இருவது வருஷத்துக்கு மேல பழசுன்னா ரெண்டு மாச வாடகை. அத தொடறதில்ல. இன்கம்டாக்ஸ்ல ஒரு விஷயம் இருக்கு, வாடகை வருமானத்துல வீட்டு வரி போக மீதியில 30 சதவீதத்த அவங்களே கழிச்சுக்க விடறாங்க, நீங்க ஒரு ரூபா கூட ரிப்பேர் பண்ணலன்னாலும் அது உண்டு, மூணு லட்சம் ரிப்பேர் பண்ணாலும் அதுக்கு மேல கெடையாது, இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் தனியா கழிக்க முடியாது. அதாவது அந்த 30 சதவீதம் ரிப்பேருக்குன்னே ஒதுக்கி விட்ட பணம், நாம அத சாப்பிட்டுட்டு சீலிங் விழுந்ததும் முழிக்கறோம்.

கையிருப்புல இருக்கற குறை என்னன்னா அது பெரிய அடிய தாங்காது. வருஷம் பதினஞ்சாயிரம் சேக்கறவனுக்கு நாலாவது வருஷமே வெள்ளம் வந்தா அறுபதாயிரம்தான் கையில இருக்கும், தேவை ரெண்டே முக்கா லட்சம். இன்சூரன்சா கையிருப்பான்னு கேக்கற கேள்வியே அதனால எனக்கு சரியாப் படல, ரெண்டும் வேற வேற நோய்க்கு.

அட்வான்ஸ நம்பலாமா

சென்னையில முன்னாடி பத்து மாச அட்வான்ஸ் சாதாரணம், ஓனர்கள் அதத்தான் பாதுகாப்புன்னு நெனச்சாங்க. இப்ப தமிழ்நாட்டுல புது வாடகை சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, வேற மாதிரி பேசி எழுதிக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி பண்ண ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக திருப்பிக் கொடுக்கணும். அக்ரிமென்ட்ட எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம்.

அதே சட்டத்துல எந்த ரிப்பேர் யாரு பொறுப்புன்னு பட்டியலே இருக்கு, பல பேர் படிச்சதில்ல. கட்டட அமைப்பு சம்பந்தமான ரிப்பேர், வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாத்தறது, வயரிங் இதெல்லாம் ஓனர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை இதெல்லாம் குடியிருக்கறவர். அப்ப காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகைய கண்ண மூடிக்கிட்டு பிடிக்கற ஊர் வழக்கம் இருக்கே, அது அக்ரிமென்ட்ல எழுதலன்னா நியாயமில்லன்னுதான் நான் சொல்வேன். நான் நிறுத்திட்டேன். சாதாரணமா குடியிருந்து அழுக்கான சுவத்துக்கு வாடகையிலயே காசு வாங்கிட்டோம். கதவுல நாய் கடிச்சது, சிங்க் கல்ல ஒடச்சது, ஏசிக்கு ஓட்டை போட்டுட்டு மூடாம போனது, இதுக்கு மட்டும் பில்லு காட்டி பிடிக்கறேன்.

அதுக்கு ஆதாரம் வேணும். குடி வர்ற அன்னைக்கு குடியிருக்கறவரும் நானும் சேந்து நடந்து ஒவ்வொரு ரூமா வீடியோ எடுத்து ரெண்டு பேர் வாட்ஸ்அப்லயும் வெச்சுக்கறோம், இருவது நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட மாடுலர் கிச்சன் ட்ராயர் சேதத்துக்காக 18,000 பிடிச்சு அவர் முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லி, ரெண்டு பேர் கையிலயும் ஒண்ணும் இல்லாம ஆறு மாசம் பேச்சு வளந்து கடைசியில நான் திருப்பிக் கொடுத்தேன். இன்னைக்கும் அவர் சொன்னது உண்மையா இருக்கலாம்னுதான் தோணுது.

இன்னொண்ணு, அட்வான்ஸ் எவ்வளவு பெருசா இருந்தாலும் வெள்ளத்துக்கும் மாடி ஒழுகலுக்கும் அத தொட முடியாது, அது குடியிருக்கறவங்க தப்பு இல்ல. ஆனா சின்ன ஒழுகல சொல்லாம விட்டு பெருசாக்குனா என்ன பண்றது? அதுக்கு பிடித்தத்த விட நல்ல பேச்சுதான் உதவும். ஈரம் தெரிஞ்ச அன்னைக்கே சொன்னா நான் சந்தோஷப்படுவேன்னு அவங்களுக்குத் தெரியணும், ஒவ்வொரு போனுக்கும் ஓனர் சலிச்சுக்கிட்டா அடுத்த தடவ போன் வராது. வீட்ட பாக்கப் போறதா இருந்தா 24 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும்னு சட்டமே சொல்லுது, நான் ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவ, தை மாசம் ஒரு தடவ போறேன்.

மேல் வீட்டு தண்ணி

இது சுருக்கமா. ஃப்ளாட்டுல மேல் வீட்டு பாத்ரூம் சொட்டுனா அந்த ஓனர் செலவு, மொட்டை மாடி ஒழுகி டாப் ஃப்ளோர் நனஞ்சா அது எல்லாருக்கும் பொது எடம், அசோசியேஷன் செலவு. வாங்கறதுக்கு முன்னாடி அசோசியேஷன்ல கார்ப்பஸ், அதாவது பொதுச் செலவுக்குன்னு சேத்து வெச்ச பணம், எவ்வளவு இருக்கு, பொது எடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க. 2023ல எங்க பில்டிங்ல மோட்டார், லிஃப்ட், ஈபி பேனல் மூணும் போச்சு, பொது பாலிசி இல்ல, வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணாங்க, மூணாவது மாடிக்காரரும் கொடுத்தாரு. புது ஃப்ளாட்டா இருந்தா பில்டர்கள கட்டுப்படுத்தற ரேரா சட்டம் இருக்கு, பொசஷன் கொடுத்ததுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறையோ தெரிஞ்சா பில்டர் 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி பண்ணிக் கொடுக்கணும். நாலாவது வருஷம் முடியறதுக்குள்ள ஒரு இன்ஜினியர வெச்சு வீட்ட பாத்து, குறைய எழுத்துல அனுப்பிடுங்க, வாய்ப்பேச்சு நிக்காது.

வீட்ட மாத்தறதா, எடத்தையே தவிர்க்கறதா

2015க்கு அப்புறம் வேளச்சேரி வீட்டுல 85,000 செலவு பண்ணி சில மாத்தங்கள் பண்ணேன். ப்ளக் பாயின்ட் எல்லாத்தையும் நாலடி உயரத்துக்கு ஏத்துனேன், கிச்சன் கீழ்ப்பகுதியில ப்ளைவுட்ட எடுத்துட்டு கடப்பா கல்லு வெச்சு அலுமினிய கதவு போட்டேன், பாத்ரூம் கதவு பிவிசி, வாசல்ல பலகை சொருகற மாதிரி பள்ளம். எல்லாத்தையும் விட உதவுனது சாக்கடை லைன்ல போட்ட நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணிய வெளிய மட்டும் விட்டு திரும்பி வராம தடுக்கறது, ஏன்னா 2015ல தண்ணி முதல்ல வாசல் வழியா வரல, பாத்ரூம் ஓட்டை வழியா பொங்கி வந்துச்சு, அந்த அசிங்கத்த கழுவ ஒரு வாரம் ஆச்சு. 2023ல தண்ணி உள்ள வந்தாலும் சாக்கடை பொங்கல. தண்ணி மட்டமும் கம்மிதான், இருந்தாலும் செலவு 2,80,000ல இருந்து 1,14,000க்கு எறங்குனதுல பாதிக்கு மேல இந்த மாத்தத்தாலதான்னு நான் நம்பறேன். தனி வீடா இருந்தா ஜாக்கி வெச்சு வீட்டையே மூணடி நாலடி தூக்கறவங்க சென்னையில இருக்காங்க, ரோடு ஒவ்வொரு தடவ போடும்போதும் உயந்து வீடு பள்ளமாயிட்ட தெருக்கள்ல பல பேர் பண்ணியிருக்காங்க, ஆனா ஃப்ளாட்டுக்கு அது ஆகற காரியமில்ல.

எதுவும் வேண்டாம், கட்டடமே தலைவலின்னா ரீட்ஸ் யூனிட், அதாவது வாடகைக்கு விட்ட பெரிய கட்டடங்கள வெச்சிருக்கற டிரஸ்ட்ல ஷேர் மாதிரி ஒரு பங்கு, வாங்கிப் போடலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. இந்தியாவுல 2019ல எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் முதல்ல லிஸ்ட் ஆச்சு, சொத்துல 80 சதவீதமாவது கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும், பங்கிடக் கூடிய பணத்துல 90 சதவீதத்த கொடுத்துடணும்னு விதி. ஒழுகல் போன் உங்களுக்கு வராது, அது உண்மை. ஆனா அது ஆபீஸும் மாலும்தான், விலை தினம் ஏறி எறங்கும், லோன் போட்டு வீடு வாங்கற மனசுக்காரங்களுக்கு அது வேற உலகம். கையில இருக்கற முழுப் பணத்தையும் ஒரே கிரவுண்ட் ஃப்ளோர்ல கொட்டறதுக்கு பதிலா ஒரு பங்க அங்க வைக்கறது நல்ல யோசனைதான்.

சரி, தம்பி கேட்டதுக்கு வரேன். ஒம்பது லட்சம் கம்மிங்கறத சும்மா தள்ள முடியாது, 7 சதவீதம் வட்டின்னு வெச்சாலே வருஷத்துக்கு 63,000. எதிர்ப்பக்கம் கிரவுண்ட் ஃப்ளோருக்கு வாடகை மாசம் மூவாயிரம் கம்மியா வரும், வருஷம் 36,000. ஆரம்பத்துல மாத்தம் பண்ண ஒரு தொண்ணூறாயிரம், பத்து வருஷத்துக்கு பிரிச்சா வருஷம் ஒம்பதாயிரம். பாலிசி இருந்தும் கையில இருந்து போறது, நடுவுல காலியா கெடக்கறது எல்லாம் சேத்து வருஷத்துக்கு பத்தாயிரம்னு வெச்சாலும் மொத்தம் 55,000. அப்ப பேப்பர்ல கிரவுண்ட் ஃப்ளோர் எட்டாயிரம் ரூபா ஜெயிக்குது. இத மறைக்காம அவன்கிட்ட சொன்னேன்.

ஆனா வாங்காதன்னும் சொன்னேன், அதுக்கு ரெண்டு காரணம். அவன் கோயம்புத்தூர்ல இருக்கான். பாலிசி பணத்ததான் கொடுக்கும், தண்ணி நிக்கற அன்னைக்கு போயி வீடியோ எடுக்க, ப்ளைவுட்ட கழட்டி வெக்க, சர்வேயருக்கு காத்திருக்க, ஆள் புடிச்சு சேறு அள்ள அது வராது, நான் தாம்பரத்துல இருந்ததாலதான் 2023ல மூணாவது நாளே போக முடிஞ்சுச்சு. ரெண்டாவது, 2015ல என் வீட்டுல இருந்தவங்களுக்கு ஆறு மாசக் குழந்தை, ராத்திரி தண்ணி ஏற ஏற முதல் மாடிக்காரங்கதான் கதவ தட்டி கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் வெச்சுக்கிட்டாங்க. அவங்க பீரோ, குழந்தை துணி, சர்டிபிகேட் எல்லாம் போச்சு, நான் ரெண்டு மாச வாடகைய விட்டுக்கொடுத்தேன், அது எந்த மூலைக்கு. தண்ணி வரும்னு நமக்குத் தெரிஞ்ச வீட்டுல இன்னொரு குடும்பத்த வெக்கறோம்னா குறைஞ்சபட்சம் அத முன்னாடியே அவங்ககிட்ட சொல்லணும், சொன்னா அந்த வாடகைக்கு ஆள் வருமான்னு யோசி, சொல்லாம விடறதுக்கு மனசு வருமான்னும் யோசின்னேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார்ங்கற உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல சேந்த எடம், தென்சென்னையோட மழைத்தண்ணி தேடிப் போற பள்ளமே அதுதான், அதோட ஓரத்துல தரைத்தளம் எடுத்தா தண்ணி நம்மள தேடி வந்ததா சொல்ல முடியாது.

அவன் நேர்ல போயி பாத்தான். அந்தத் தெருவுல இஸ்திரி போடறவர்கிட்டயும் டீக்கடையிலயும் கேட்டா 2023ல எவ்வளவு தண்ணின்னு கையால காட்டிட்டாங்க, ஈபி மீட்டர் பாக்ஸ் புதுசா உயரத்துல மாத்தி வெச்சிருக்கறத அவனே கண்டுபிடிச்சான், பெயின்ட்டுக்கு அடியில கோடு தெரிஞ்சுதாம். கிரவுண்ட் ஃப்ளோர விட்டுட்டான். ரெண்டாவது மாடிய கேக்கறான், ஆனா அது டாப் ஃப்ளோர், மேல மொட்டை மாடி. ஒரு நல்ல மழை பெஞ்ச மறுநாள் சாவி வாங்கிட்டு மாடிக்கு ஏறிப் பாரு, தண்ணி எங்க தேங்குது, குழாய் வாயில இலை இருக்கா, கைப்பிடிச்சுவர் ஓரத்துல கன்னு ஏதாவது நிக்குதா, அப்புறம் கீழ வந்து பெட்ரூம் சீலிங் மூலையில டார்ச் அடிச்சுப் பாரு, அதுக்கப்புறம் அசோசியேஷன் செயலாளர்கிட்ட கார்ப்பஸ் கணக்க கேளுன்னு சொல்லியிருக்கேன். அட்வான்ஸ் டோக்கன் இன்னும் கொடுக்கல, மழைக்குத்தான் காத்திருக்கான்.